தண்ணி வேணும், ஊர் வேணாம்

வேல்ஸ் பக்கம் போய்விட்டு வருகிற நம்ம ஆட்கள் போடுகிற ஸ்டேட்டஸைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு ஏரி. பின்னால் ஒரு மலை. மேலே கொஞ்சம் மேகம். முன்னால் மஞ்சள் ரெயின்கோட் போட்ட குழந்தை. கீழே ‘நார்த் வேல்ஸ், செம!’ அவ்வளவுதான். எந்த ஊர்? தெரியாது. என்ன ஏரி? அதுவும் தெரியாது. அந்த ஊர்க்காரர் ஒருத்தராவது அந்தப் போட்டோவில் இருக்கிறாரா? தவறிப்போய் யாராவது உள்ளே வந்துவிட்டால்கூட க்ராப் பண்ணி எடுத்துவிடுகிறார்கள்.

எனக்கு வயிறு எரிகிறது. ஒரு போட்டோவுக்கா இவ்வளவு கோபம் என்று கேட்காதீர்கள். சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது பெர்கன்ஹெட்டில். லிவர்பூலுக்கு எதிர்க்கரை. இங்கிருந்து காரில் ஒன்றரை மணி நேரம் போனால் பாலா. ஆமாம், ஊர் பெயரே பாலாதான். போன கோடையில் நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து போனோம். “டைரக்டர் பாலா ஊரா? அப்ப க்ளைமாக்ஸ்ல யாரும் மிஞ்ச மாட்டாங்களே” என்று ரூதின் தாண்டும்போது ஒருத்தர் ஆரம்பித்தார். ஊர் எல்லை வரைக்கும் அதே பேச்சு. ஜன்னலுக்கு வெளியே என்ன பள்ளத்தாக்கு போகிறது, என்ன ஆறு போகிறது, ஒருத்தரும் தலையைத் திருப்பவில்லை. தலை திரும்பியதெல்லாம் ஸ்பீடு போர்டைத் திட்டத்தான். வேல்ஸில் 2023 செப்டம்பரிலிருந்து வீடுகள் இருக்கிற தெருக்களில் பொதுவாக 20 மைல்தான் வேகம். “மாட்டு வண்டியா ஓட்டறோம்?” என்று ஒரே புலம்பல். அந்தத் தெருவில் குழந்தைகள் நடந்து ஸ்கூலுக்குப் போகும், பாட்டிகள் ரோட்டைக் கடப்பார்கள் என்று யாருக்குமே தோன்றாதா?

சுமார் இரண்டாயிரம் பேர் வாழ்கிற சின்ன ஊர். எரரி தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. ஸ்னோடோனியா என்று நாம் பழகிய அதே பூங்காதான். வேல்ஸிலேயே பெரிய இயற்கை ஏரி, லின் டெகிட், இந்த ஊரை ஒட்டித் தொடங்குகிறது. கிட்டத்தட்ட ஆறு கிலோமீட்டர் நீளம், அகலம் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. டீ நதி இந்த ஏரிக்குள் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியே வந்து, லாங்கோலன் வழியாக, செஸ்டர் வழியாக எங்கள் பக்கம் வந்து கடலில் கலக்கிறது. செஸ்டர் பக்கத்தில் அந்த ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரிக்கிற தண்ணீர் லிவர்பூலுக்கும் எங்கள் கரைக்கும் வருகிறது. நான் காலையில் காபி போடுவது அந்தத் தண்ணீரில். கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

காரை நிறுத்தி, ஹை ஸ்ட்ரீட்டில் கால் வைப்பதற்குள் முதல் கேள்வி.

“இங்க பாக்க என்னக்கா இருக்கு?”

இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். டிக்கெட் கவுன்ட்டர் இல்லை, கியூ இல்லை, கிஃப்ட் ஷாப் இல்லை. அதனால் பார்க்க ஒன்றுமே இல்லை, அப்படித்தானே? அவர் நின்று கேட்ட அதே தெருவில் டாம் எல்லிஸ் சிலை இருக்கிறது. இந்த ஊர்ப் பக்கத்துக் குத்தகை விவசாயியின் மகன். பார்லிமென்ட் வரை போய் வேல்ஸுக்காகப் பேசியவர். கொஞ்சம் நடந்தால் டெகிட் சேப்பல் வாசலில் தாமஸ் சார்ல்ஸ் சிலை. 1800-ல் மேரி ஜோன்ஸ் என்ற பதினைந்து வயதுப் பெண், வெல்ஷ் மொழியில் ஒரு பைபிள் வாங்குவதற்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த காசோடு, இருபத்தைந்து மைலுக்கு மேல் மலைப் பாதையில் நடந்து வந்து நின்றது இவர் முன்னால்தான். வெறுங்காலோடு நடந்தாள் என்று சொல்வார்கள். தன் மொழியில் ஒரு புத்தகத்துக்காக! அந்தக் கதைதான் 1804-ல் லண்டனில் பைபிள் சொசைட்டி உருவாக ஒரு தூண்டுதல் என்பார்கள். பிரிட்டனில் ஆட்டுநாய்ப் போட்டி முதன்முதலில் நடந்ததும் இந்த ஊரில்தான், 1873-ல். கிரிமியப் போரில் காயம்பட்டவர்களுக்குச் சேவை செய்த பெட்சி காட்வலடர் இந்தப் பக்கத்தில் பிறந்தவர். வட வேல்ஸ் முழுக்க ஆஸ்பத்திரிகளை நடத்துகிற ஹெல்த் போர்டே அவர் பெயரில்தான் இருக்கிறது. எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் என்.ஹெச்.எஸ். ஊழியர்கள். அந்தப் பெயர் போட்ட லெட்டர் தினமும் கையில் வரும். யார் அந்த அம்மா என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள், கேட்டிருப்பார்களா?

சரி, சரித்திரம் எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. விடுங்கள். எனக்கு நிஜமாகவே வலித்தது அதற்கப்புறம் ஒரு கடையில் நடந்தது.

பேக்கரி. எங்களுக்கு முன்னால் ஒரு வயதான அம்மா. கவுன்ட்டரில் இருந்த பெண்ணும் அவரும் வெல்ஷில் பேசிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கதவைத் தள்ளும்போதே அந்தப் பேச்சு என் காதில் விழுந்தது. அந்த அம்மா சில்லறையை எண்ணி வைத்துவிட்டு நகர்ந்ததும், அந்தப் பெண் எங்களைப் பார்த்துச் சிரித்து, அழகாக இங்கிலீஷில் என்ன வேண்டும் என்று கேட்டாள். வாங்கினோம். வெளியே வந்தோம். வந்ததும் எங்கள் கூட்டத்தில் ஒருத்தர் சொல்கிறார்: “பாத்தீங்களா, நம்மளப் பாத்ததும் வேணும்னே அவங்க பாஷைக்கு மாறிட்டாங்க. நம்மளப் பத்திதான் ஏதோ பேசியிருப்பாங்க.”

யார் சொல்கிறார் தெரியுமா? வாரா வாரம் முப்பது மைல் கார் ஓட்டித் தன் மகளைத் தமிழ் வகுப்பில் கொண்டுபோய் விடுகிறவர். வீட்டில் இங்கிலீஷ் பேசினால் பிள்ளையை முறைக்கிறவர். பஸ்ஸில் நாம் தமிழில் பேசும்போது பின் சீட்டில் யாராவது முணுமுணுத்தால் நமக்கு எவ்வளவு சுருக்கென்று தைக்கும்? அதே முணுமுணுப்பை, அவர்கள் ஊருக்கே போய், அவர்கள் கடை வாசலிலேயே நின்று, நாம் செய்யலாமா? எப்படி மனசு வருகிறது?

இந்தக் குற்றச்சாட்டு புதிசு ஒன்றும் இல்லை. ‘நாங்கள் உள்ளே போனதும் வெல்ஷுக்கு மாறிவிட்டார்கள்’ என்று இங்கிலாந்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். அவர்கள் எங்கும் மாறவில்லை ஐயா. அவர்கள் பேசிக்கொண்டிருந்தது அதில்தான். 2021 சென்சஸ்படி வேல்ஸ் முழுக்க வெல்ஷ் பேசுகிறவர்கள் 17.8 சதவீதம்தான். ஆனால் பாலா இருக்கிற க்வினெத் பகுதியில் 64.4 சதவீதம். பால் வாங்குவது, கல்யாணம் பேசுவது, மாட்டுக்கு மருந்து கேட்பது எல்லாம் அதில்தான் நடக்கிறது.

அந்த மொழி அவர்களுக்குச் சும்மா மிஞ்சிவிடவில்லை. ஏரியின் அந்தக் கோடியில் லான்யூக்லின் என்று ஒரு கிராமம். அங்கே 1858-ல் பிறந்தவர் ஓ.எம். எட்வர்ட்ஸ். சின்னப் பையனாக அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் நாளே, வாய் திறந்து வெல்ஷில் பேசியதற்காகக் கழுத்தில் ஒரு மரத்துண்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்கள். அடுத்து வெல்ஷ் பேசி மாட்டுகிற பிள்ளையின் கழுத்துக்கு அது போகும். சாயங்காலம் யார் கழுத்தில் இருக்கிறதோ அந்தப் பிள்ளைக்கு அடி. அடுத்தவனை மாட்டிவிட மனசில்லாமல் தானே சுமந்து நின்றதை அவர் பிற்பாடு எழுதி வைத்திருக்கிறார். அதே மனிதர்தான் 1907-ல் வேல்ஸ் பள்ளிகளுக்கே தலைமை இன்ஸ்பெக்டராக வந்தார். அவருடைய மகன் 1922-ல் பிள்ளைகளுக்காக ‘உர்த்’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார். அந்த இயக்கத்தின் கேம்ப் ஒன்று லின் டெகிட் கரையிலேயே இருக்கிறது. நாங்கள் போன அன்றும் லைஃப் ஜாக்கெட் போட்ட பிள்ளைகள் ஏரியில் துடுப்புப் போட்டுக்கொண்டு, ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் அடித்துக்கொண்டு, வெல்ஷில் கத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ஆட்கள் அதைப் பார்த்துச் சொன்னது என்ன? “சத்தமா இருக்கு, வேற இடம் போலாம்.”

வேற இடம் போனோம். தென்கரையில், சின்ன ரயில் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், கூழாங்கல் கரை. முந்தின நாள் யாரோ வந்து போயிருக்கிறார்கள். புல்லில் ஒரு கரிந்த சதுரம், சூட்கேஸ் அளவுக்கு. சூப்பர் மார்க்கெட்டில் விற்கிற யூஸ் அண்ட் த்ரோ பார்பிக்யூ ட்ரேயை அப்படியே புல்மேல் வைத்துக் கொளுத்தியிருக்கிறார்கள். அலுமினிய ட்ரே பாதி கருகி, அதற்குள் கோழி எலும்பு, பக்கத்தில் உடைந்த பாட்டில். ஆட்டு வேலிக் கம்பியில் ஒரு கறுப்பு பாலிதீன் பை, முடிச்சுப் போட்டுத் தொங்குகிறது. நாய்ப் பீயைப் பொறுமையாக அள்ளி, பையில் போட்டு, அழகாகக் கட்டி, அப்புறம் வேலியில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்! யார் வந்து எடுப்பார்கள்? அந்த ஆட்டுக்காரரா? வாடகைக்கு எடுத்த கல்யாண மண்டபம் மாதிரி நினைத்துவிட்டார்கள். சாப்பிட்டு எழுந்து போனால் பின்னாலேயே ஆள் வந்து கூட்டும் என்று.

நாம் என்ன செய்தோம் தெரியுமா? அந்தச் சதுரத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு ட்ரேயைப் பற்றவைக்க ஆள் தயாராக நின்றார். நான் சண்டை போட்டுத்தான் நிறுத்த வேண்டியிருந்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். பெர்கன்ஹெட்டிலிருந்தே கூல்பாக்ஸில் மசாலா தடவின சிக்கன், பிரியாணி, ஜூஸ், ஏன், தண்ணீர் பாட்டில் வரைக்கும் கட்டிக்கொண்டு வந்தாயிற்று. அந்த ஊரில் கூட்டமாக நாங்கள் செலவழித்தது பார்க்கிங் காசும் பேக்கரி பன்னும்தான். ‘சின்ன ஊர், எல்லாம் விலை ஜாஸ்தி’ என்று அதற்கும் ஒரு குறை. வருஷத்தில் பாதி நாள் மழையில் ஆள் வராத ஊரில் ஒரு கடையைத் திறந்து வைத்திருப்பது எவ்வளவு பெரிய பாடு என்று யாராவது யோசிக்கிறோமா?

அந்த ஏரிக்குள் க்வினியட் என்று ஒரு மீன் இருக்கிறது. வெள்ளி நிறம். பனியுகம் முடிந்தபோது இந்த ஏரியில் மாட்டிக்கொண்டு, இங்கேயே தங்கிவிட்ட இனம். உலகத்தில் இயற்கையாக வேறு எங்கும் கிடையாது. இந்த ஒரே ஏரிதான் அதன் ஊர். அதற்கு இப்போது ஆபத்து. வயல்களிலிருந்தும் சாக்கடையிலிருந்தும் வருகிற சத்துகள் ஏரியில் சேர்ந்து, 1990-களிலிருந்து சில கோடைகளில் நீலப்பச்சைப் பாசி படர்கிறது. அதில் அந்த ஊர் விவசாயத்துக்கும் பங்கு உண்டு, மறைக்கவில்லை. ஆனால் 1980-களில் ரஃப் என்று இன்னொரு மீன் ஏரிக்குள் வந்து சேர்ந்தது. வெளியூரிலிருந்து தூண்டில் போட வந்தவர்கள் இரைக்காக உயிரோடு கொண்டுவந்து, மிச்சத்தைத் தண்ணீரில் விட்டதால் வந்தது என்கிறார்கள். அது க்வினியட்டின் முட்டைகளைத் தின்கிறது. கடைசியில் கொஞ்சம் முட்டைகளை எடுத்துப் பக்கத்து மலையில் இருக்கிற அரெனிக் ஏரியில் கொண்டுபோய் விட்டு இனத்தைக் காப்பாற்றப் பார்த்தார்கள். பனியுகத்திலிருந்து தாக்குப்பிடித்த மீனுக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்கினால் இந்தக் கதி.

கரையிலிருந்து திரும்பி வரும் வழியில் இன்னொன்று. அந்த மலை ரோடுகளெல்லாம் ஒரு கார் போகிற அகலம்தான். எதிரே வண்டி வந்தால் ஒதுங்குவதற்காக அங்கங்கே கொஞ்சம் அகலமாக இடம் விட்டு, போர்டும் வைத்திருப்பார்கள். அந்த இடத்தில் காரை நிறுத்திவிட்டு வியூ பார்க்கப் போய்விட்டது ஒரு குடும்பம். எங்கள் ஆட்கள் இல்லை, வேறு யாரோ. எதிரே குவாட் பைக்கில் ஒரு விவசாயி, பின்னால் தீவன மூட்டை, மூட்டைமேல் ஒரு நாய். அவருக்குப் பின்னால் ஒரு வேன். எங்கள் பக்கம் மூன்று கார். யாரும் நகர முடியவில்லை. அவர் ஹார்ன் அடிக்கவில்லை, திட்டவில்லை. இன்ஜினை ஆஃப் பண்ணிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நாள் பழக்கம் இருந்தால் ஒரு மனிதருக்கு அந்தப் பொறுமை வரும்? அந்தக் குடும்பம் மெதுவாக ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டே வந்தது. ஒரு சாரி கிடையாது.

இதெல்லாம் சில்லறை விஷயம் என்பீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாலாவிலிருந்து வடமேற்கே சில மைல் போங்கள், புரியும்.

வழியில் வ்ரான்கோக். 1916-ல் டப்ளின் எழுச்சிக்குப் பிறகு பிடிபட்ட ஐரிஷ்காரர்கள் சுமார் 1,800 பேரை இங்கேதான் ஒரு பழைய விஸ்கி ஆலையிலும் கொட்டகைகளிலும் அடைத்து வைத்தார்கள். மைக்கேல் காலின்ஸ் அதில் ஒருவர். அதைத் தாண்டினால் அணை. அணைக்குப் பின்னால் லின் கெலின். கண்ணைப் பறிக்கிற நீலம். இது இயற்கை ஏரி இல்லை. இந்தத் தண்ணீருக்கு அடியில் கேப்பல் கெலின் என்று ஒரு கிராமம் இருக்கிறது.

எங்கள் கூட்டத்தில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. லிவர்பூலில் பத்து வருஷத்துக்கு மேல் இருக்கிறவர்களுக்கே தெரியவில்லை!

கதை இதுதான். லிவர்பூல் மாநகராட்சிக்குத் தண்ணீர் வேண்டும். வீட்டுக்கு மட்டும் இல்லை, தொழிற்சாலைகளுக்கும். கேப்பல் கெலின் இருந்த ட்ரவெரின் பள்ளத்தாக்கின் மேல் கண் வைத்தார்கள். அந்த ஊர் மக்களிடமோ, அந்தப் பகுதி கவுன்சிலிடமோ அனுமதி கேட்க வேண்டிய தேவையே வராதபடி நேராகப் பார்லிமென்ட்டில் சட்டம் கொண்டுவந்தார்கள். வேல்ஸின் 36 எம்.பி.க்களில் ஒருவர்கூட அதை ஆதரித்து ஓட்டுப் போடவில்லை. ஆனாலும் 1957-ல் சட்டம் நிறைவேறிவிட்டது. எதிர்த்து ஓட்டுப் போட்டு என்ன பிரயோஜனம்? எண்ணிக்கைக்கு முன்னால் எடுபடவில்லை. அதற்கு முந்தின வருஷம், 1956 நவம்பரில், அந்தக் கிராமமே குழந்தை குட்டிகளோடு பஸ் ஏறி லிவர்பூலுக்கு வந்து, எங்கள் வீட்டை மூழ்கடிக்காதீர்கள் என்று தெருவில் ஊர்வலம் போனது. நான் வாரம் தவறாமல் ஷாப்பிங் போகிற அந்த நகரத்தின் தெருக்களில்!

பன்னிரண்டு வீடும் பண்ணையும். பள்ளிக்கூடம், போஸ்ட் ஆபீஸ், சேப்பல், கல்லறைத் தோட்டம். பள்ளத்தாக்கில் இருந்த 67 பேரில் 48 பேர் வீட்டை இழந்தார்கள். புதைத்தவர்களில் சிலரை மட்டும் எடுத்து வேறு இடத்தில் புதைத்தார்கள். மற்றவர்கள் அங்கேயே இருக்கிறார்கள், மேலே கான்கிரீட், அதற்கு மேலே தண்ணீர். 1965 அக்டோபரில் திறப்பு விழா வைத்தார்கள். எதிர்ப்புக்காரர்கள் கூடி, மைக் ஒயரை அறுத்ததில், விழா சில நிமிஷத்தில் முடிந்துபோனது.

இன்னொரு கணக்கு பாருங்கள். 1865-ல், பாலாவில் கல்லூரி நடத்திய மைக்கேல் டி. ஜோன்ஸ் என்பவரின் முயற்சியால், வெல்ஷ் மொழி பிழைக்க ஒரு இடம் வேண்டும் என்று சுமார் நூற்றைம்பது பேர் கப்பல் ஏறித் தென் அமெரிக்காவின் பட்டகோனியாவுக்குப் போனார்கள். எந்தத் துறைமுகத்திலிருந்து? லிவர்பூல். சரியாக நூறு வருஷம் கழித்து அதே லிவர்பூல், வெல்ஷ் மட்டுமே புழங்கிய ஒரு கிராமத்தைத் தண்ணீருக்குள் அனுப்பியது.

லிவர்பூல் கவுன்சில் மன்னிப்புக் கேட்டது 2005-ல். நாற்பது வருஷம் ஆயிற்று.

இதையெல்லாம் அணைக்கரையில் நின்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருத்தர் ட்ரோன் பறக்கவிடுகிறார். இன்னொருத்தர் கேட்கிறார்: “வறட்சி வந்தா ஊர் வெளிய தெரியுமாமே, அப்ப வந்தா சூப்பர் ஷாட் கிடைக்கும்ல?” தண்ணீர் இறங்கும்போது சுவரும் பாதையும் வெளியே தெரிவது உண்மைதான். அதைப் பார்த்து அழுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகளில் சிலர் இப்போது எழுபதைத் தாண்டியவர்கள். அவர்கள் வந்து கரையில் நிற்கும்போது, தலைக்கு மேல் நம்ம ட்ரோன் ஙொய்யென்று சுற்ற வேண்டுமா?

இன்னொருத்தர் ரொம்ப நிதானமாகச் சொன்னார்: “டெவலப்மென்ட்னா நாலு பேர் நகரத்தான்க்கா வேணும். எல்லா ஊர்லயும் நடக்கறதுதான்.”

நாலு பேர். எப்போதும் அந்த நாலு பேர் வேறு யாரோவாகவே இருப்பது எப்படி? நமக்குத் தண்ணீர் வேண்டும், ஆகவே அவர்கள் நகர வேண்டும். நமக்கு வியூ வேண்டும், ஆகவே அவர்கள் போட்டோவிலிருந்து நகர வேண்டும். நமக்கு அமைதி வேண்டும், ஆகவே அவர்கள் பிள்ளைகள் சத்தம் போடக் கூடாது. 1965-ல் ஒரு மாநகராட்சி சட்டம் போட்டுச் செய்ததை, நாம் கூல்பாக்ஸோடு வந்து சின்னச் சின்னதாகச் செய்துகொண்டிருக்கிறோம். இதைச் சொன்னேன். “ஹாலிடே மூடைக் கெடுக்காதீங்க” என்று பதில் வந்தது.

அடுத்தது வீடு. பாலா தெருக்களில் நடந்தால் சில கதவுகளுக்குப் பக்கத்தில், நம்பர் லாக் போட்ட சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்று சுவரில் பதித்திருப்பதைப் பார்க்கலாம். சாவிப் பெட்டி. அப்படியென்றால் அந்த வீட்டில் யாரும் வாழவில்லை, வாரம் ஒரு குடும்பம் வந்து போகிறது என்று அர்த்தம். இன்னும் சில வீடுகள் வெளியூர்க்காரர்களின் இரண்டாவது வீடு. வருஷத்தில் சில வாரம் கதவு திறக்கும். கேட்கிற விலையை அங்கே ஆட்டுப் பண்ணையிலும் பள்ளிக்கூடத்திலும் கேர் ஹோமிலும் வேலை பார்க்கிற இளசுகள் எங்கே போய்ப் புரட்டுவார்கள்? க்வினெத் கவுன்சில் 2023 ஏப்ரலிலிருந்து இரண்டாவது வீடுகளுக்குக் கவுன்சில் டாக்ஸுக்கு மேல் 150 சதவீதம் கூடுதலாகப் போடுகிறது. அநியாயம் என்று கத்துகிறார்கள் வீட்டுக்காரர்கள். எது அநியாயம்? பழைய வெல்ஷ் பண்ணை வீட்டை வாங்கி, தலைமுறைகளாக இருந்த பெயர்ப் பலகையைக் கழற்றி எறிந்துவிட்டு இங்கிலீஷில் ஒரு பூவின் பெயரை மாட்டுகிறார்களே, அதுவா? அதற்கு வரி கட்டச் சொல்வதா?

எங்கள் கூட்டத்திலேயே ஒருத்தர் ஏஜென்ட் போர்டைப் போட்டோ எடுத்தார். “ஒண்ணு வாங்கிப் போட்டா ஏர்பிஎன்பி விட்டு லோனைக் கட்டிடலாம்.” ஊரில் நம்ம கிராமத்து வயலை வெளியாள் வாங்கி ரிசார்ட் கட்டினால் கொந்தளிக்கிற மனிதர்தான் இவரும். கடல் தாண்டி வந்தால் மட்டும் அந்தக் கொந்தளிப்பு எங்கே போய்விடுகிறது?

ஒரே ஒரு நல்ல விஷயம் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ஊரைப் பற்றியே கசப்பாக நினைத்துவிடுவீர்கள். ருவாபனிலிருந்து பாலா வழியாக பார்மவுத் கடற்கரை வரை போன பெரிய ரயில் பாதையை 1965-ல் மூடிவிட்டார்கள். ஆமாம், கேப்பல் கெலின் மூழ்கிய அதே வருஷம். ஊரின் இரண்டு கையையும் ஒரே சமயத்தில் வெட்டினார்கள். ஆனால் ஏரிக்கரை ஓரமாகக் கிடந்த அந்தப் பாதையில் உள்ளூர்க்காரர்களும் ஆர்வலர்களும் சேர்ந்து குறுகிய தண்டவாளம் போட்டு, 1972-லிருந்து நீராவி ரயில் விடுகிறார்கள். லான்யூக்லினிலிருந்து நாலரை மைல். நான் என் பெண்ணை மட்டும் கூட்டிக்கொண்டு அதில் ஏறினேன். மற்றவர்கள் வரவில்லை. “காரே இருக்கே, எதுக்கு டிக்கெட்?” டிக்கெட் கிழிக்க வந்த தாத்தாவிடம் என் பெண் ஏரியில் எவ்வளவு ஆழம் என்று கேட்டாள். அவ்வளவுதான், வண்டி நிற்கிற வரைக்கும் பேச்சுதான். நாற்பது மீட்டருக்கு மேல் ஆழம் என்றார். பழைய பாலா அதற்கு அடியில் மூழ்கிக் கிடக்கிறது என்று ஒரு கதை இருப்பதைச் சொன்னார். கெட்ட ராஜா ஒருவனால் வந்த வினையாம். என் பெண் உடனே, “அது கதையா, இல்ல அந்த இன்னொரு ஏரி மாதிரி நிஜமா?” என்று கேட்டாள். அவர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்துவிட்டு, தன் அத்தை வீடு அந்த இன்னொரு ஏரியில் இருக்கிறது என்றார். ‘இருந்தது’ என்று சொல்லவில்லை.

பஸ்ஸும் இருக்கிறது, டி3 என்று. ரெக்ஸமிலிருந்து பாலா வழியாக பார்மவுத் வரை. பார்க்கிங் கிடைக்கவில்லை என்று ஏரிக்கரையைச் சுற்றிச் சுற்றி அரை மணி நேரம் சபித்தவர்களுக்கு இதைச் சொன்னேன். பஸ்ஸா என்று பார்த்த பார்வை இருக்கிறதே!

இப்போது அடுத்த ட்ரிப்புக்கு வாட்ஸப் குரூப்பில் பிளான் ஓடிக்கொண்டிருக்கிறது. லேக் டிஸ்ட்ரிக்ட் பக்கம், ஹாஸ்வாட்டர். வியூ செமயாக இருக்குமாம். அந்த ஏரிக்கு அடியிலும் ஒரு ஊர் இருக்கிறது, மார்டேல் கிரீன் என்று பெயர், மான்செஸ்டருக்குத் தண்ணீர் வேண்டும் என்று 1930-களில் மூழ்கடித்தார்கள் என்று எழுதி அனுப்பினேன். ஏழு தம்ஸ் அப் வந்தது. அதற்குக் கீழே, “அக்கா, உங்க வீட்டு கராஜ்ல அந்தப் பெரிய பார்பிக்யூ செட் இருக்குல்ல, எடுத்துட்டு வர்றீங்களா?”

இருக்கிறது. தர மாட்டேன்.